கை நடுங்காத மாத்திரை

செயற்கைப் பல் செய்யும் அந்தப் பல் கூடத்தில் எல்லோரையும் அவரவர் கையாளும் பொருளை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். பீங்கான் பூசுகிறவர் பீங்கான் அண்ணன். அச்சு வார்க்கிறவர் பிளாஸ்டர். மெழுகில் பல் செதுக்குகிறவள் மெழுகு. முதலாளியை மட்டும் முதலாளி என்றே சொன்னார்கள். அவர் எதையும் கையாளுவதில்லை.

மெழுகுக்கு இருபத்தாறு வயது. பல் வைத்தியர்கள் அனுப்பும் வாய் அச்சுகளைப் பார்த்து, விழுந்த பல்லுக்குப் பதிலாக வைக்கும் பல்லை மெழுகில் செதுக்குவது அவள் வேலை. ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டிய சின்னக் கத்தி, கையகல பிளாஸ்டர் அச்சு, ஒரு முக்காலி. ஒரு கடைவாய்ப் பல்லை பதினோரு நிமிடத்தில் முடித்துவிடுவாள். மேடும் பள்ளமும் எதிர்ப்பல்லோடு மயிரிழை பிசகாமல் பொருந்தும். "அந்தப் பொண்ணு செதுக்கினதா இருந்தா மட்டும் அனுப்புங்க" என்று கேட்டு வாங்கும் வைத்தியர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்க வேண்டியதுதான்.

குரல்கள் முதலில் தூசி உறிஞ்சும் குழாயிலிருந்து வந்தன. ஒவ்வொரு மேசையிலும் அப்படி ஒரு குழாய் உண்டு. மோட்டார் ஓடும்போது ஹோ என்று இரையும். அந்த இரைச்சலுக்குள் ஓர் ஆணும் பெண்ணும் பேசிக்கொள்வது அவளுக்குக் கேட்டது. பக்கத்துக் கட்டடத்தில் யாரோ பேசுவது குழாய் வழியாக வருகிறது என்றுதான் நினைத்தாள்.

"அண்ணே, உங்க குழாய்லயும் ஆளு பேசுதா?"

"மோட்டர்தான் கத்துது. இருபது வருஷமாக் கேட்டு என் காதுல பாதி போயாச்சு" என்றார் பீங்கான்.

இரண்டு மாதத்தில் அந்த இருவரும் அவளைப் பற்றியே பேசத் தொடங்கினார்கள். கோணல், மறுபடியும் கோணல், இவளுக்குக் கை வராது என்றார்கள். பிறகு அவள் காலையில் என்ன சாப்பிட்டாள், பேருந்தில் எந்த இருக்கையில் உட்கார்ந்தாள் என்றெல்லாம் சொன்னார்கள். மோட்டார் நின்ற பிறகும் சொன்னார்கள். மேசைக்கு வரும் அச்சுகள் நோயாளிகளுடையவை அல்ல, தன்னைக் கண்காணிக்கிறவர்களுடைய வாய்கள் என்று அவள் நம்பினாள். யார் வாய் எது என்று பின்னால் கண்டுபிடிக்க வேண்டுமே, ஒவ்வொரு பல்லின் உட்புறமும் ஊசியால் ஓர் எண்ணைக் கீறிவைத்தாள்.

பதினான்கு பல் கொண்ட மேல் வரிசை ஒன்று அப்படியே திரும்பி வந்தது. இது என்ன கணக்கு என்று வைத்தியர் கேட்டு எழுதியிருந்தார். முதலாளி அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார். திட்டக்கூட இல்லை, கேட்கத்தான் வந்தார். அவள் எழுந்து போய் பிளாஸ்டர் மூட்டைகள் அடுக்கும் அறைக்குள் நுழைந்து தாழ் போட்டுக்கொண்டாள். அப்போது மணி பன்னிரண்டு.

கதவுக்கு வெளியே பீங்கான் ஒரு மூட்டையைப் போட்டு உட்கார்ந்தார். உடைத்துத் திறக்கலாம் என்றார் முதலாளி. "தொடாதீங்க" என்று பீங்கான் அவரை அனுப்பிவிட்டு, தன் மாடி வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவது, ஆள் வராதது, வந்த ஆள் தொட்டியை விட்டுவிட்டுச் சுவரை உடைத்தது என்று கதவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் திறக்கவில்லை. அவரும் விடவில்லை.

ஐந்து மணிக்கு மெழுகின் அம்மா வந்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். காக்கிச் சட்டையோடு அப்படியே வந்திருந்தாள். கதவில் உள்ளங்கையை வைத்தாள்.

"பாப்பா, அம்மாடா. மதியமே சொன்னாங்க. நான் வண்டிய பாதில விட்டுட்டு ஓடி வரல. ஷிப்ட முடிச்சுட்டுத்தான் வரேன். ஏன் தெரியுமா? எம் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நம்பிக்கிட்டேதான் ஓட்டினேன். கதவத் திற."

தாழ் விலகியது. கண் இமையெல்லாம் வெள்ளைத் தூளாக அவள் நின்றாள்.

மருத்துவமனையில் பன்னிரண்டு நாள். அங்கே இருந்த டாக்டர் ஐம்பது வயதுப் பெண். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை சும்மா இருக்கத் தெரிந்தவர். இதற்கு மனச்சிதைவு என்று பெயர், ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், அது பெரிய விஷயம் என்றார். முதல் மாத்திரையை அவர்களே தேர்ந்து கொடுத்தார்கள். உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிற நிலையில் மெழுகு அப்போது இல்லை. தண்ணீர்க் குவளையையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாத்திரை வேலை செய்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த இருவரும் முதலில் அடுத்த அறைக்குப் போனார்கள், பிறகு தெருவுக்கு, ஒன்பதாம் நாள் எங்கே என்றே தெரியவில்லை. அச்சுகள் வெறும் அச்சுகள் என்பதும், அவற்றுக்குப் பின்னால் இருப்பவர்கள் பல் போன பாவப்பட்ட மனிதர்கள் என்பதும் மெல்ல மெல்ல அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. கூடவே, மூச்சு விடவும் முடிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தொல்லை வேறு பக்கமிருந்து கிளம்பியது. ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் தூங்கினாள். எழுந்தால் பசி, தின்றால் மறுபடி பசி. ஏழு வாரத்தில் ஏழு கிலோ ஏறியது. அம்மாவுக்கோ பிடிபடாத சந்தோஷம். மாதக்கணக்கில் ஜன்னல் ஜன்னலாகப் போய்ப் பார்த்துக்கொண்டு நின்ற பெண் இப்போது போர்த்திக்கொண்டு தூங்குகிறாள், தட்டில் போட்டதைத் தின்கிறாள். வேறென்ன வேண்டும்?

"கன்னத்துல சதை விழுந்திருக்கு. இப்பத்தான் மனுஷியா இருக்கே" என்பாள்.

மறுபடி வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே மெழுகுக்கு நிலவரம் புரிந்துவிட்டது. பதினோரு நிமிடப் பல்லுக்கு நாற்பது நிமிடம் ஆனது. கத்தி சூடாகும், எடுத்து வருவதற்குள் ஆறிவிடும். ஒரு நாள் காலை பத்து மணிக்கு அச்சின்மேல் நெற்றி கவிழ்ந்து தூங்கிப்போனாள். பீங்கான் எழுப்பினார். நெற்றியில் நான்கு பல் பதிந்திருந்தது.

"உன்னை யாரோ கடிச்சிட்டாங்க" என்றார். அவள் சிரித்தாள். கழிப்பறைக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அன்றிலிருந்து மாத்திரையை விழுங்குவதை நிறுத்தினாள். அம்மா எதிரே நின்று பார்ப்பாள். இவள் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். மாத்திரை நாக்கின் அடியில் இருக்கும். பிறகு குளியலறையில் துப்பிவிடுவாள். நான்காம் நாள் தலை லேசானது. ஆறாம் நாள் பல் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள். ஒன்பதாம் நாள் குழாய்க்குள்ளிருந்து அந்தப் பெண் குரல், விட்ட இடத்திலிருந்து பேசுகிறவள்போல, "வந்துட்டியா?" என்றது.

கத்தியைக் கீழே வைத்தாள். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. இது யார் என்று இப்போது அவளுக்குத் தெரியும். குழாய்க்குள் ஆள் இல்லை. தன் மூளைதான் கூப்பிடுகிறது. இந்த எண்ணம் கையில் இருக்கும்போதே ஏதாவது செய்தாக வேண்டும், இன்னும் ஒரு வாரம் போனால் இதுவும் நழுவிவிடும் என்று அவளுக்குப் பட்டது. முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அம்மா ஓட்டும் வண்டிக்காக நிறுத்தத்தில் காத்திருந்து ஏறி, ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தாள். அம்மா கண்ணாடியில் பார்த்தாள். வண்டி ஓட்டும்போது பேசுகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அம்மா இன்ஜினை நிறுத்தினாள்.

"சொல்லு."

"மாத்திரை சாப்பிடலம்மா. ஒம்போது நாளாச்சு. இன்னைக்கு அது பேசிடுச்சு."

அம்மாவின் இரண்டு கையும் ஸ்டியரிங் மேலேயே இருந்தன. "நான் எதிர்ல நின்னு பாத்தேனே."

"நாக்குக்கு அடியில."

"என் கண்ணுல மண்ணத் தூவினியா?" அம்மாவின் குரல் ஏறியது. "சரி. போனது போகட்டும். வீட்டுக்குப் போனதும் அதே மாத்திரையப் போடு. அதுல நல்லா இருந்தியே."

"நல்லா இல்லம்மா. தூங்கிட்டு இருந்தேன்."

"தூங்கினா என்ன? தூங்கட்டும்னுதான்..." அம்மா முடிக்கவில்லை.

"ஜலதோஷத்துக்கு ஒரு மாத்திரை போட்டுட்டு இந்த ஸ்டியரிங்ல உக்காருவியா நீ?"

"அது வேற. பின்னாடி நாப்பது உசுரு இருக்கு."

"எனக்கு ஒரு உசுருதான்மா இருக்கு. அதை முழிச்சுக்கிட்டு ஓட்டணும்னு ஆசைப்படறேன்."

அம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். வெளியே அடுத்த நடைக்கு ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். ஒருவர் கதவைத் தட்டினார். அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மாத்திரை வேணாம்னு சொல்றியா, இந்த மாத்திரை வேணாம்னு சொல்றியா?"

மெழுகு யோசித்தாள். இந்தக் கேள்வியை அவளே தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"இந்த மாத்திரை வேணாம்."

"அப்போ அந்த டாக்டர்கிட்ட அப்படியே சொல்லு. நாளைக்கு எனக்கு மதிய ஷிப்ட். காலையில போவோம்."

பல் கூடத்துக்கு வரும் ஒவ்வொரு வேலையோடும் ஒரு சீட்டு இருக்கும். எந்தப் பல், என்ன நிறம், எதில் செய்ய வேண்டும், என்ன கூடாது என்று வைத்தியர் எழுதியிருப்பார். பேச உட்கார்ந்தால் தடுமாறிவிடுவோம் என்று பயந்து மெழுகு அப்படி ஒரு வெற்றுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனாள். டாக்டர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி வாசித்தார்.

குரல் இருக்கக் கூடாது. காலை எட்டு மணிக்கு விழித்திருக்க வேண்டும். கை நடுங்கக் கூடாது. எடை இதற்குமேல் ஏறக் கூடாது. தேவைப்படும் நாள்: கூடிய சீக்கிரம்.

"இவ்வளவு தெளிவா எனக்கு யாரும் எழுதித் தந்ததில்ல" என்றார் டாக்டர். "நிறுத்தினதச் சொன்னீங்க பாருங்க, அதுக்கும் நன்றி. முக்கால்வாசிப் பேர் சொல்லமாட்டாங்க. ஆனா ஒண்ணு. நீங்க சீட்டப் பாத்துப் பல்லு செஞ்சா அது பொருந்தியே ஆகணும். என்னால அப்படி வாக்குக் குடுக்க முடியாது. எந்த மருந்து எந்த ஒடம்புக்கு எப்படின்னு போட்டுப் பாத்துத்தான் தெரியும்."

"முதல்ல ஒண்ணு கேக்கட்டுமா? மருந்தே இல்லாம இருக்க முடியாதா?"

"முயற்சி பண்ணிப் பாத்தீங்க. எத்தன நாள்ல வந்துச்சு?"

"ஒம்போது."

"இப்ப நிறுத்தினா திரும்ப வர்றதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். ஒரு வருஷமாவது, முடிஞ்சா இன்னும் கொஞ்சம் கூட, நல்லா இருந்து காட்டுங்க. அப்புறம் கொறைக்கிறதப் பத்தி நாம சேந்து பேசலாம். நான் தள்ளிப்போடறதுக்காகச் சொல்லல."

பிறகு அவர் ஒரு தாளை எடுத்தார். குரலை அடக்குவதில் இந்த மாத்திரைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தரம்தான், வித்தியாசம் அவை தம்மோடு எதைக் கூட்டிக்கொண்டு வருகின்றன என்பதில்தான் என்று சொல்லிச் சொல்லி எழுதினார். இப்போது சாப்பிட்டது தூக்கமும் பசியும் எடையும் கொண்டுவருவது. சர்க்கரையையும் கவனிக்க வேண்டும். இரண்டாவது மருந்து எடையில் அவ்வளவு கை வைக்காது. ஆனால் அளவு கூடினால் சிலருக்கு உடம்பு இறுகும், கை நடுங்கும், பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகலாம். மூன்றாவதில் தூக்கம் குறைவு, எடையும் குறைவு. சிலருக்கு மட்டும் உட்கார முடியாத ஒரு தவிப்பு வரும்.

"சிலருக்குன்னா எத்தன பேருக்கு?" என்று அம்மா குறுக்கே வந்தாள்.

"பத்துப் பேருக்குக் குடுத்தா ஒண்ணு ரெண்டு பேர் வந்து சொல்லுவாங்க. அந்த ஆள் உங்க பொண்ணா இருக்குமான்னு முன்கூட்டியே சொல்ல எனக்கு வழி இல்ல." டாக்டர் மெழுகிடம் திரும்பினார். "எது புடிக்கும்னு கேக்கல. எல்லாமே புடிக்காதுதான். எதை உங்களால தாங்கவே முடியாது?"

"கை நடுங்கறது."

யோசிக்காமல் வந்த பதில். டாக்டர் இரண்டாவதன்மேல் ஒரு கோடு இழுத்தார்.

"உக்கார முடியாட்டி?"

"நின்னுக்கிட்டே செதுக்குவேன்."

அம்மாவுக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அடங்கின நோய்ல போயி ஏன் கை வைக்கணும், டாக்டர்? மொத மருந்தையே கொஞ்சம் கொறச்சுக் குடுத்தா ஆகாதா?"

"அதுவும் ஒரு வழிதான். அதையும் எழுதறேன்" என்று டாக்டர் எழுதவே செய்தார். "குறைச்சா தூக்கம் குறையலாம். ஏறின எடை இறங்குமான்னு சந்தேகம்."

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் தாளைப் பார்த்தாள். குழாய்க் குரலும் அந்த நேரம் குறுக்கே பேசவில்லை.

"மூணாவது" என்றாள் மெழுகு.

எடை பார்த்தார்கள், இடுப்பை அளந்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இரண்டு கையையும் நீட்டச் சொல்லி மேலே ஒரு தாளை வைத்தார் டாக்டர். நடுக்கம் இருந்தால் தாள் ஆடும். ஆடவில்லை. "எனக்கும் வைங்க, பாப்போம்" என்று அம்மா கையை நீட்டினாள். அவள் கையில் தாள் படபடத்தது. "வருஷக்கணக்கா கியர் போட்ட கை" என்று சமாதானம் சொன்னாள். கியரின் குற்றமில்லை அது, பயம்தான் என்று மூவருக்கும் தெரியும்.

பழைய மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கி, புதியதைக் கூட்டிக்கொண்டே வந்து, பழையதை இறக்கிவிட வேண்டும். மூன்று வாரத்துக்கு நாள்வாரியாக எழுதிய தாளை மெழுகு சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டினாள். குழாய்க்குள் இருந்த பெண் இரண்டாம் வாரம் முணுமுணுத்தாள். மூன்றாம் வாரம் இல்லை. காலை ஏழு மணிக்குத் தானாக விழிப்பு வந்தது. தட்டில் இருப்பதைத் தின்றுவிட்டு, போதும் என்று சொல்ல முடிந்தது.

பிறகு கால்கள் ஆரம்பித்தன. முக்காலியில் உட்கார்ந்தால் முழங்காலுக்குள் யாரோ முறுக்குவதுபோல இருக்கும். எழுந்தால் கொஞ்சம் தேவலை. நடந்தால் இன்னும் தேவலை. நின்றால் மறுபடி நடக்க வேண்டும். மேசைக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள்.

"ஏன் மெழுகு, தரையைத் தேய்க்கறதுக்கு வேற ஆளு இருக்காங்களே" என்றார் பீங்கான். அவள் முகத்தைப் பார்த்ததும் கேலியை விட்டார். அவள் மேசைக் கால்களுக்கு அடியில் மரத்துண்டு கொடுத்து உயர்த்தித் தந்தார். நின்றபடி செதுக்கினாள். ஒரு பல், ஒரு நடை, ஒரு பல், ஒரு நடை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் வீட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தவளை அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். ஜன்னல் ஜன்னலாக நடந்த நாட்கள்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே போனாள். பழைய மாத்திரை அட்டையோடு வந்தாள்.

"போதும் பாப்பா. உன் இஷ்டத்துக்கு விட்டுப் பாத்தாச்சு. மறுபடி ஆரம்பிச்சிடுச்சு."

"ஆரம்பிக்கலம்மா."

"கண்ணால பாக்கறேனே."

"நீ காலத்தான் பாக்கற." மெழுகு நடந்துகொண்டே பேசினாள், நிற்க முடியவில்லை. "அது வர்றப்போ எனக்கு வெளிய இருந்து வரும்மா. யாரோ எம்மேல கோபமா இருக்கிற மாதிரி இருக்கும். இப்ப யாரும் எங்கிட்ட பேசல. யார் மேலயும் சந்தேகம் இல்ல. முட்டிக்குள்ள எறும்பு ஓடுது, அவ்வளவுதான். அது நோய். இது மருந்து. எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியும்."

"உனக்குத் தெரியும்னு நான் எப்படி நம்பறது?"

நியாயமான கேள்விதான். நாக்கின் அடியில் வைத்து ஏமாற்றியவள் அவள். மெழுகு ஒரு சுற்று முடித்துவிட்டு வந்தாள்.

"நம்ப வேணாம். டாக்டர்கிட்ட கேப்போம். நோய்னு அவங்க சொன்னா அந்த அட்டையை நானே வாங்கிப் போட்டுக்கறேன்."

திங்கட்கிழமை டாக்டர் அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுப் பேசாமல் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கால் மாற்றி, கால் மாற்றி, எழுந்தே விட்டாள். குரல் உண்டா, சந்தேகம் உண்டா, தூக்கம் எப்படி என்று கேள்விமேல் கேள்வி கேட்டார். பிறகு அம்மாவிடம் சொன்னார்:

"உங்க பொண்ணு சொன்னதுதான் சரி. இது மருந்தோட வேலை. உள்ளுக்குள்ள ரொம்பக் கஷ்டமா இருக்கும். இதைத் தாங்காமத்தான் நிறைய பேர் ஓடிப்போறாங்க. இவங்க ஓடாம வந்து சொல்லியிருக்காங்க."

அம்மா பைக்குள் கையை விட்டு அட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். வெளியே எடுக்கவில்லை.

அளவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தார் டாக்டர். தவிப்பு அடங்க ஒரு சின்ன மாத்திரையை ஒரு மாதத்துக்கு எழுதினார். "ரெண்டு வாரத்துல அடங்கலேன்னா இதையும் விட்டுடுவோம். நாலாவது, அஞ்சாவதுன்னு இன்னும் இருக்கு. மருந்துக்குப் பஞ்சமில்ல" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டபோதுதான் மெழுகு தோள்களை இறக்கினாள். பத்தாம் நாள் முக்காலியில் உட்கார்ந்து ஒரு முழுப் பல்லைச் செதுக்கினாள். எழுந்து பார்த்தாள், கால் கூப்பிடுகிறதா என்று. கூப்பிடவில்லை. மறுபடி உட்கார்ந்தாள்.

எல்லாம் அதோடு நேராகிவிடவில்லை. குறைத்த அளவில், இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை, "கோணல்" என்று ஒரே ஒரு சொல் வந்தது. அவள் அந்தப் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பீங்கானிடம் காட்டுவாள்.

"கோணலா?"

"யாரு சொன்னது?"

"யாரோ."

"பொறாமை" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்ப்பார்.

அளவைக் கொஞ்சம் ஏற்றலாமா என்று டாக்டர் கேட்டார். ஏற்றினால் அந்தச் சொல்லும் போய்விடக்கூடும். கால் தவிப்பு திரும்பவும் கூடும். மெழுகு இரண்டையும் எடைபோட்டாள். "அந்த ஒரு வார்த்தையை நான் சமாளிச்சுக்குவேன். அது பொய்னு எனக்குத் தெரியும். காலை சமாளிக்கறதுதான் கஷ்டம். ஒரு மாசம் பாப்போம். ரெண்டு வார்த்தையாச்சுன்னா அன்னைக்கே வரேன்" என்றாள். டாக்டர் ஒப்புக்கொண்டார். அந்த மாதத்தில் அது இரண்டு வார்த்தை ஆகவில்லை. வாரம் ஒரு தடவை ஆனது. பிறகு, கடைசியாக எப்போது கேட்டது என்று யோசிக்க வேண்டியிருந்தது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு பிரச்சினை. அதற்கு மாத்திரைமேல் பழி போட முடியாது. அம்மா தினமும் எதிரே நின்றாள். மாத்திரையை விழுங்கு, வாயைத் திற, நாக்கைத் தூக்கு. மெழுகு நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். எட்டு மாதம் ஆகியும் இது நிற்கவில்லை. அம்மாவால் நிறுத்த முடியவில்லை. ஒரு நாள் பார்க்காமல் வண்டி எடுத்தால் பாதி வழியில் வயிறு பிசைகிறது என்றாள். ஒரு காலையில் நாக்கைத் தூக்கியபடி நின்றபோது மெழுகுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தேழு வயதுப் பெண், ஊருக்கே பல் செய்கிறவள், தன் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"அம்மா, இதே மருந்து ஊசியா இருக்காம். மாசம் ஒண்ணு. டாக்டர் முன்னயே சொன்னாங்க."

அம்மாவின் முகம் மாறியது. "ஊசி முத்திப் போனவங்களுக்குத்தான். உனக்கு எதுக்கு?"

"அப்படி இல்லையாம். ஆரம்பத்துலயே விரும்பிக் கேட்டுப் போட்டுக்கறவங்களும் இருக்காங்களாம். அது முத்திப் போனவங்களுக்குன்னு யாரு சொன்னது உனக்கு?"

"யாரும் சொல்லல. எனக்கே தோணுச்சு."

"மாசத்துல ஒரு நாள் நர்ஸ் பாத்துக்குவாங்க. மிச்ச நாளு நீ என்ன வெறுமனே பாக்கலாம்மா. வாய்க்குள்ள பாக்க வேணாம்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். காக்கிச் சட்டையில் எதுவும் தெரியாது, அது ஒரு வசதி. "போட்டா எடுக்க முடியாதே பாப்பா. ஒத்துக்காட்டி?"

"ரெண்டு பல்லையும் யோசிச்சுட்டுத்தான் சொல்றேன்" என்றவள், "ரெண்டு பக்கத்தையும்" என்று திருத்திக்கொண்டாள். "இந்த மருந்து எனக்கு ஒத்துக்குதான்னுதான் எட்டு மாசம் மாத்திரையாப் பாத்தோமே. புதுசா ஒண்ணும் இல்ல."

அம்மா அன்று சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஊசிக்குக் குறித்த நாளில் ஷிப்டை மாற்றிக்கொண்டு கூட வந்தாள்.

நர்ஸ் தோளில் போட்டாள். கொஞ்சம் கடுத்தது. மாத்திரையைச் சில நாள் சேர்த்தே சாப்பிட வேண்டும், பிறகு தேவையில்லை என்று சொல்லி அடுத்த தேதியை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தாள். அட்டையை வாங்க அம்மா கையை நீட்டினாள். பாதியில் கையை இழுத்துக்கொண்டு, "நீயே வச்சுக்கோ" என்றாள். மருத்துவமனை வாசலில் இருவரும் பிரிந்தார்கள். அம்மா டிப்போவுக்கு. மெழுகு பல் கூடத்துக்கு.

அவள் உள்ளே நுழைந்தபோது பீங்கானுக்கும் முதலாளிக்கும் வாக்குவாதம் உச்சத்தில் இருந்தது. எழுபது வயதுக்காரர் ஒருவர் முன்பல் இரண்டுக்கும் பளீர் வெள்ளை கேட்டிருக்கிறார். பக்கத்துப் பற்களெல்லாம் பழுப்பு.

"வாயைத் தொறந்தா டார்ச் அடிச்ச மாதிரி இருக்கும். நான் பூசமாட்டேன்" என்றார் பீங்கான்.

"கேக்கறவர் கேக்கறாரு. உனக்கென்ன?" என்றார் முதலாளி.

"மெழுகு, நீ சொல்லு."

"அவர்கிட்ட ரெண்டையும் காட்டுங்க. வெள்ளைன்னா எப்படி இருக்கும், பழுப்புன்னா எப்படி இருக்கும். அப்புறமும் வெள்ளைதான் வேணும்னா பூசிக் குடுங்க. அவர் பல்லு அது."

பீங்கான், "எல்லாரும் டாக்டராயிட்டாங்க" என்று முனகிக்கொண்டே பல் நிறங்களை ஒப்பிடும் மாதிரிப் பட்டையைத் தேடப் போனார்.

மெழுகு விளக்கைப் பற்றவைத்தாள். தோள் இன்னும் கடுத்தது. கையைச் சுழற்றிப் பார்த்துவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டாள். மோட்டார் இரைந்தது. வரிசையில் ஐந்து கடைவாய்ப் பற்கள் இருந்தன. முக்கால் மணி நேரத்தில் நான்கை முடித்தாள். ஐந்தாவதன் அச்சு இன்னும் ஈரமாக இருந்ததால் அதை நாளைக்கு என்று ஒதுக்கி வைத்துவிட்டுக் கத்தியைத் துடைத்தாள்.